ஐம்பத்தேழுக்குக் கீழே

காலை ஏழேகாலுக்கு
பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை பஸ்
என்னை ஜெலுத்தோங்கில் இறக்கிவிட்டுப் போகும்.
ராத்திரி முழுக்க சிப் எண்ணிய கண்ணுக்கு
தெரு முழுக்கத் தட்டுகள்:
ரொட்டி சானாய், வாழையிலைப் பொட்டலத்தில் நாசி லெமாக்,
யாரோ பாதி வைத்துவிட்டுப் போன மீ கோரெங்.

"பசியாறியாச்சா?" என்பார் கடைக்கார ஹமீது.
காலைச் சாப்பாட்டுக்கு இங்கே எங்கள் பெயர் அது.
புண் ஆறும், சூடு ஆறும், பசியும் ஆறும்
என்று சொல்லிவைத்தவர்கள்
போட்டிக்கு எடை பார்த்திருக்கமாட்டார்கள்.
மூன்று வருடமாய் அவருக்கு
ஒரே பொய்தான்: "ஆச்சு பாய்."

ஐம்பத்திரண்டு கிலோ, அது என் பிரிவு.
என் எலும்புகளுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை.
போட்டிக்கு முந்தின வாரம்
மழைக்கோட்டுக்குள் வெந்துகொண்டே
பாலம் தெரியும் கடலோரம் ஓடுவேன்.
ஐஸ் கட்டியைச் சப்பி, நீரைத் துப்புவேன்.
எச்சில்கூட எடைதான்.
ஒருமுறை நாற்பது கிராம் கூடுதல்.
கழிவறையில் வைத்து முடியை வெட்டினோம்,
விரலுக்குச் சுற்றும் டேப்பை வெட்டுகிற கத்தரியால்.
தங்கை கல்யாணப் படத்தில்
அந்தக் கோணல் இன்னும் சிரிக்கிறது.

கிடைத்தது இரண்டு வெண்கலம்.
ஐந்து மாதம் தீட்டு வரவில்லை.
வசதி என்று நினைத்தேன், மடச்சி.

ஒரு வியாழக்கிழமை.
மோட்டார் உதிரிக் கடைக்கு மேல்மாடி,
பச்சைப் பாயில் பழைய வேர்வை வாடை.
சியூ பெங்கின் காலரைப் பிடிக்கப் போனேன்.
விரல் மடங்கவில்லை.
மூளை சொல்கிறது, கை கேட்கவில்லை,
வாடகை பாக்கி வைத்த வீட்டில்
விளக்கு எரியாத மாதிரி.

அவள் என்னை எறிந்திருக்கலாம்.
நிறைந்த கேஸ் சிலிண்டரை இறக்குவது போல
மெல்லச் சாய்த்துக் கீழே வைத்தாள்.
அப்புறம் பையிலிருந்து ஒரு டப்பா:
அவித்த முட்டை இரண்டு, சர்க்கரைவள்ளி, வறுத்த தெம்பே.
அதிகம் வெந்து மஞ்சளின் ஓரம் பச்சையாகியிருந்தது.
உப்பும் இல்லை.
இரண்டையும் நான்தான் தின்றேன்.

"தாட்சா, ஐம்பத்தேழுக்கு வந்துவிடு.
அங்கே ஆள் குறைவு," என்றாள்.
ஐம்பத்தேழில் மாநிலத் தங்கம் அவளுடையது.

மாவு டப்பா ஒன்றை விலை கேட்டேன்,
இருநூற்று எண்பது ரிங்கிட்,
பின்னால் தோள் புடைத்த ஒருவன் படம்.
கணக்குப் போட்டேன்: அறுநூறு முட்டை.
டப்பாவை அவனோடு சேர்த்து அலமாரியில் வைத்தேன்.

இப்போது விடிகாலை மூன்று மணி இடைவேளையில்
சோறும் கெம்போங் மீனும் கங்கோங்கும்.
பக்கத்து மேசை நோரா கேட்கிறாள்,
"டயட் விட்டாச்சா?"
வாயில் சோறு. பதில் சொல்லவில்லை.
பயிற்சி முடிந்த ராத்திரி
சீனி போடாத சோயாப் பால், ஒரு பெராங்கான் வாழைப்பழம்.
முதல் மாதம் ஒவ்வொரு கவளமும்
திருடித் தின்பது போலவே இருந்தது.
தராசுக்கு முதுகு காட்டி நின்று
எண்ணை வேறு யாரையாவது படிக்கச் சொன்னேன்.
மூன்றாம் மாதம் தீட்டு வந்தது.
லீவு போடாமல்
ஹமீது கடையில் உட்கார்ந்து
இரண்டு பொட்டலம் பிரித்தேன்.
அவர் ஒன்றும் கேட்கவில்லை.

மாநிலப் போட்டி. ஐம்பத்தாறு புள்ளி மூன்று.
முடி முழுசாய் இருந்தது.

அரையிறுதியில் சியூ பெங்.
இரண்டு நிமிடம் பத்து விநாடி,
அப்புறம் கூரையின் மின்விசிறிகள் தெரிந்தன,
முதுகுக்குக் கீழே பாய் அதிர்ந்தது.
முழுப்புள்ளி, அவளுக்கு.

எழுந்திருக்க முடியாமல் என்மேல் குனிந்தே நின்றாள்.
நடுவர் இரண்டாம் தடவை சொன்ன பிறகுதான்
எனக்கே தெரிந்தது,
அவள் காலரை
என் விரல்கள் இன்னும் விடவில்லை.